78-ஐ ரெண்டு வரியில முடிச்சிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல 1978 தமிழ் சினிமா பாட்டு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். இளையராஜா வந்தாரு, எம்.எஸ்.வி. காலம் முடிஞ்சுதுன்னு ரெண்டு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, மனசு கேக்கல அதான் எழுதுறேன். ராஜா சார் பாட்டுன்னா எனக்கு உசுரு. ஆனா அந்த வருஷத்தை கூடவே இருந்து கேட்டவன் நான், நீங்க சொல்ற மாதிரி நடக்கல.

அப்ப எனக்கு 15 வயசு, வேதாரண்யம் பக்கம் ஊரு. எங்க பக்கம் மெட்ராஸ் ரேடியோவ விட சிலோன் ரேடியோ தான் கணீர்னு கேக்கும், பாட்டு போடுறதுக்கு முன்னாடி என்ன படம், யார் பாடினது, யார் எழுதினது, யார் இசைன்னு சொல்லுவாங்க, டீக்கடை பெஞ்சுல உக்காந்து அதை அப்படியே நோட்டுல எழுதிக்குவேன். கஜா புயல்ல ஓடு பறந்தப்போ நனைஞ்சு மை ஊறிப் போச்சு, ஆனாலும் நோட்டு இருக்கு. உங்க கட்டுரைய படிச்சதும் அதை எடுத்துப் பாத்தேன்.

அதுல ரெண்டு சிவாஜி படம் இருக்கு. 'அந்தமான் காதலி' எம்.எஸ்.வி. இசை, அதுல சிவாஜிக்கு ஜேசுதாஸ் பாடினாரு. 'தியாகம்' இளையராஜா இசை, அதுல சிவாஜிக்கு டி.எம்.எஸ். பாடினாரு. கவனிச்சீங்களா சார், பழைய ஆளு புதுக் குரலைக் கூப்பிடுறாரு, புது ஆளு பழைய குரலைக் கூப்பிடுறாரு, ஒரே வருஷத்துல! (அந்தமான் காதலியில ஜேசுதாஸ் திருக்கோவிலைத் தெருக்கோவில்னு பாடிட்டாருன்னு எங்க தமிழய்யா ரொம்ப வருத்தப்பட்டாரு, எனக்கு அந்தப் பாட்டு இன்னும் உருகும்.) அதே வருஷம் தான் 'நிழல் நிஜமாகிறது', அதுல எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் சேந்து எஸ்.பி.பி., வாணி ஜெயராம் குரல்ல என்ன செஞ்சிருக்காங்கன்னு ஒரு தடவை கேளுங்க, காலம் முடிஞ்சவர் போடுற மெட்டா அது?

மாறினது என்னன்னு கேட்டா குரல் தான் மாறுச்சு. எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆயிட்டாரு, அவரோட கடைசிப் படம் 78 ஜனவரியில வந்துச்சு, அதோட ஹீரோன்னா டி.எம்.எஸ். குரல்ங்கிற பழக்கமே விட்டுப்போச்சு. அந்த எடத்துக்கு ஒருத்தர் வரல, ஒரு கூட்டமே வந்துச்சு. 'கிழக்கே போகும் ரயில்'ல மலேசியா வாசுதேவன், 'சிகப்பு ரோஜாக்கள்'ல ஜானகி அம்மா கூட கமலே பாடினாரு, 'முள்ளும் மலரும்'ல கண்ணதாசன் எழுதி ஜேசுதாஸ் பாடின பாட்டு. 'சிட்டுக்குருவி'யில ஒரு பஸ் பாட்டு, எஸ்.பி.பி.யும் சுசீலாம்மாவும் ரெண்டு வேற வேற மெட்டை ஒன்னு மேல ஒன்னா பாடுவாங்க, நடுவுல ஸ்டாப்பிங் பேரெல்லாம் வரும், பாட்டுல இப்படிக்கூட பண்ணலாமான்னு நாங்க வாயப் பொளந்துட்டு கேட்டோம். டிசம்பர்ல 'ப்ரியா' வந்துச்சு, ஸ்டீரியோவுல பதிவு பண்ணின பாட்டு, டீக்கடை ரேடியோல அந்த வித்தியாசம் தெரியல, டவுன்ல ஒருத்தர் வீட்டு ரெக்கார்டு பிளேயர்ல கேட்டப்போ வயலின் ஒரு பக்கம் வேற ஒன்னு ஒரு பக்கம்னு பிரிஞ்சு வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இவ்வளவு பேர் சேந்து செஞ்சதுக்கு உங்க கட்டுரையில ஒரு பாடகர் பேரு இல்ல, ஒரு கவிஞர் பேரு இல்ல. சிலோன் ரேடியோக்காரங்க மூணு நிமிஷப் பாட்டுக்கே நாலு பேரையும் சொன்னாங்க, நீங்க முழுப் பக்கம் எழுதியும் சொல்லலையே. அடுத்த வாரமாவது அந்தப் பேரையெல்லாம் போடுங்க சார்.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இத்தோட வெச்சிருக்கேன். 6-ஆம் பக்கத்துல 'ப்ரியா'வுக்கு நேரா ஜேசுதாஸுக்குப் பக்கத்துல ஒரு பேரு தண்ணி பட்டு அழிஞ்சிருக்கும், அது ஜென்சி.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
வேதாரண்யம்