பத்து நாளுக்கு அப்புறம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் குடிநோய் சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். குடியை நிறுத்திய முதல் சில நாட்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். அது தேவைதான். நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் நினைவு தடுமாறி உளற ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கஷ்டமே அதற்கப்புறம்தான் தொடங்கியது.

என் தம்பி 2 முறை சிகிச்சைக்குப் போனவன். முதல் முறை 10 நாள். கை நடுக்கம் நின்றது, பசி எடுத்தது, மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆறரை மணியானால் சட்டையை மாட்டுவான், செருப்பைப் போடுவான், அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிடுவான். 15 வருடமாக அந்த நேரத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது. இப்போது இல்லை. தூக்கமும் இல்லை. குடியை விட்டவருக்குத் தூக்கம் சீராக மாதக்கணக்கில் ஆகலாம் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, நடிக்கிறான் என்றே நினைத்தோம். அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவன் மனைவி கதவருகே போய் நிற்பாள், வாடை வருகிறதா என்று பார்க்க. அது அவனுக்கும் தெரியும். நாற்பதாவது நாள் குடித்துவிட்டு வந்தான்.

இரண்டாம் முறை போன இடத்தில் எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எவ்வளவு குடிப்பான் என்பதோடு, 6 மணியிலிருந்து 9 மணி வரை என்ன செய்வான் என்றும் ஆலோசகர் கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை. பல வருடமாக அவனுக்கு மனச்சோர்வு இருந்ததை அங்கேதான் கண்டுபிடித்தார்கள், அதற்கும் மருந்து கொடுத்தார்கள். குடியால் குறைந்துபோயிருந்த பி1 வைட்டமினை ஏற்றினார்கள். கடன்களை ஒரு தாளில் எழுதவைத்து, எதை முதலில் அடைக்கலாம் என்று பேசினார்கள். அவன் மனைவிக்குத் தனியாக நேரம் ஒதுக்கினார்கள். அன்று அவள் அழுததை நான் மறக்கவே மாட்டேன். சாயங்கால நேரத்துக்கு, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தைக் காட்டினார்கள். 1935இல் குடிநோயாளிகள் இருவர் ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'முழுமையான சிகிச்சை' என்று சொல்லிக்கொண்டு, மருந்தே வேண்டாம், யோகாவும் தியானமும் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். யோகா என் தம்பிக்கு நிஜமாகவே உதவியது. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அவன் அதைச் செய்யவில்லை. முழுமை என்றால் எதையும் விடாமல் சேர்த்துப் பார்ப்பது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

எட்டாவது மாதம் ஒருநாள் மறுபடி சறுக்கினான். சர்க்கரை நோய் போல இதுவும் திரும்பத் தலைகாட்டக்கூடிய நோய் என்று முன்பே சொல்லியிருந்ததால், இந்த முறை வீட்டில் யாரும் கத்தவில்லை. மறுநாள் காலை அவனே ஆலோசகருக்கு போன் செய்தான். அதற்கப்புறம் 3 வருடம் ஆகிறது.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள். எழுதும்போது மனைவிமாரிடமும் பிள்ளைகளிடமும் பேசுங்கள். என் தம்பி மனைவியிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி