விசாலத்துக்கு, மாலகாவிலிருந்து

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி ஏற மட்டும் அவசரப்படாதே. பேத்தியின் அரங்கேற்றப் படங்களையும் பார்த்தேன், முகம் அப்படியே உன் அம்மா. இங்கே நாங்கள் சௌக்கியம். இவர் ரிட்டயர் ஆகிவிட்டார். காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு, வரும் வழியில் மீன் வாங்கி வருகிறார்.

உன் மகன் கேட்டதாக எழுதியிருந்தாய் இல்லையா, "பிராங்கோ ஆட்சியில் ஸ்பெயின் ஒழுங்காக இருந்தது என்கிறார்களே, சித்தி அங்கேதானே இருக்கிறார்கள், நிஜமா?" என்று. அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது. அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

அவன் கேள்விப்பட்டது அத்தனையும் பொய்யில்லை. அணைகள் கட்டினார்கள். 1960-களில் தொழிற்சாலைகள் வந்தன, இந்தக் கடற்கரை நெடுக ஓட்டல்கள் எழும்பின, நடுத்தரக் குடும்பங்கள் சின்னதாக ஒரு கார் வாங்கின. ஆனால் அதற்கு முந்தைய இருபது வருஷத்தை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்தலில் வந்த குடியரசு அரசை எதிர்த்துத் தளபதி பிராங்கோவின் பக்கம் நடத்திய உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்தது, அவர் சர்வாதிகாரியானார். ரேஷன் 1952 வரை போகவில்லை. வெளிச்சரக்கே வேண்டாம், எல்லாம் நாமே செய்துகொள்வோம் என்ற பிடிவாதத்தில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள், கள்ளச்சந்தைக்காரர்கள் கொழுத்தார்கள். 1959-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்ட பிறகுதான் பொருளாதாரம் நிமிர்ந்தது. அப்போதும் லட்சக்கணக்கானவர்கள் பிழைப்பு தேடி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய், அங்கிருந்து பணம் அனுப்பினார்கள். அந்த வளர்ச்சியில் அவர்கள் வியர்வையும் இருக்கிறது.

இனி அந்த 'ஒழுங்கு'க்கு வருகிறேன். வேறு எங்கும் போக வேண்டாம், நான் குடியிருக்கும் ஊரையே எடுத்துக்கொள்.

1937 பிப்ரவரி 8-ஆம் தேதி பிராங்கோவின் படையும் முசோலினி அனுப்பிய இத்தாலியப் படையும் மாலகாவைப் பிடித்தன. ஊர் ஜனம் கைக்குழந்தையும் மூட்டையுமாகக் கடலோரச் சாலையில் அல்மெரியாவை நோக்கி ஓடியது. கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் நடை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், ஒதுங்க இடமில்லை. கடலில் நின்ற கப்பல்களும் மேலே பறந்த விமானங்களும் அந்தக் கூட்டத்தின்மேல் குண்டு போட்டன. காயம்பட்டவர்களுக்கு ஏற்ற ரத்தம் கொண்டுபோன வண்டியைக் காலிசெய்து, அதில் குழந்தைகளை ஏற்றிப் போனவர் நார்மன் பெத்யூன் என்ற கனடா டாக்டர்.

ஓடாமல் ஊரில் இருந்தவர்களுக்கு ராணுவ நீதிமன்றம். அங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர்களில் ஒருவர் கார்லோஸ் அரியாஸ் நவாரோ. 'மாலகாவின் கசாப்புக்காரன்' என்றால் இன்றைக்கும் இங்கே ஆள் யாரென்று தெரியும். தண்டனை பெற்றவர்களைச் சான் ரஃபேல் கல்லறைத் தோட்டத்தில் வைத்துச் சுட்டு, குழியில் ஒருவர்மேல் ஒருவராகப் போட்டு மூடினார்கள். 2006-இல் தோண்ட ஆரம்பித்து 2009-இல் முடித்தபோது எடுத்த உடல்கள் 2,840.

அந்த வழக்கறிஞருக்கு என்ன ஆனது என்று உன் மகன் கேட்பான். மாட்ரிட் மேயரானார், மந்திரியானார், 1974-இல் பிரதமரானார். 1975 நவம்பர் 20-ஆம் தேதி காலை டெலிவிஷனில் வந்து, "ஸ்பானியர்களே, பிராங்கோ இறந்துவிட்டார்" என்று தொண்டை அடைக்கச் சொன்னவர் அவர்தான். அடுத்த வருஷம், பிராங்கோவுக்குப் பிறகு நாட்டின் தலைவரான அரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். 1989-இல் இறக்கும்வரை ஒரு கோர்ட் படியும் ஏறவில்லை. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது, விசாலம்.

எங்கள் மேல்வீட்டு அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய சித்தப்பா அந்தக் குழியில் கிடந்தவர். வீட்டில் அவர் பெயரையே எடுக்க மாட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதையாவது உளறிவிட்டால் என்ன செய்வது என்று பயம். சித்தப்பா எப்படிச் செத்தார் என்பதே அந்த அம்மாளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. இதை என்னிடம் சொன்னபோது எழுந்து போய் அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் பேச்சைத் தொடங்கினார். வெளியே நல்ல வெயில், கேட்பதற்கு ஆளும் இல்லை. பிராங்கோ செத்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, கை தானாக ஜன்னலுக்குப் போகிறது.

அவரே சொன்ன இன்னொன்று. ஓட்டலில் துணி வெளுத்துச் சம்பாதித்தவர் அவர். அந்தப் பணத்தைப் போட பாங்கில் கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் புருஷன் கையெழுத்து வேண்டும். வேலைக்குப் போகவும் அவன் சம்மதம், பாஸ்போர்ட்டுக்கும் அவன் சம்மதம். அந்தச் சட்டம் 1975 மே மாதம்தான் போனது. விவாகரத்து 1981-இல்தான் வந்தது.

போன மாதம் இவரும் நானும் மிஹாஸ் போயிருந்தோம். மலைமேல் சுண்ணாம்படித்த வெள்ளை ஊர், கழுதை சவாரிக்குச் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். பிராங்கோவுக்கு முந்தைய குடியரசுக் காலத்தில் அந்த ஊர் மேயராக இருந்த மனுவேல் கோர்தேஸ், தொழில் முடிதிருத்துவது, 1939-இல் போர் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக வீடு திரும்பினார். பிடிபட்டால் மரண தண்டனை நிச்சயம். வீட்டுக்குள்ளேயே சுவருக்குப் பின்னால் ஒளிந்தார். முப்பது வருஷம்! மனைவி ஹூலியானா முட்டை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். போலீஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தும் அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட அப்பாவால் வாசலுக்கு வர முடியவில்லை. போர்க்காலக் குற்றங்களுக்கு இனி வழக்கில்லை என்று 1969-இல் அரசு அறிவித்த பிறகுதான் அவர் தெருவில் கால் வைத்தார். அந்தத் தெருவில் நடந்தபோது எனக்கு அவரைவிட ஹூலியானாவின் நினைப்புதான். அக்கம்பக்கத்தில் வம்பு பேசும்போது ஒரு வார்த்தை தவறியிருந்தால்? தினம் தினம், முப்பது வருஷமாக.

1977-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள், அது நல்லது. சித்திரவதை செய்தவர்களும் அதே சட்டத்தின் நிழலில் தப்பித்தார்கள். அன்றைக்கு வேறு வழி இருந்திருக்காது என்பதை நான் ஒத்துக்கொள்வேன். 1981 பிப்ரவரியில் ஆட்சியைக் கவிழ்க்கத் துணை ராணுவத்தார் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்களே, அந்தப் பயம் வெறும் பிரமை இல்லை. ஆனால் ஜனநாயகம் வேரூன்றிய பிறகும் எலும்புகளை எடுக்க விடாமல் இழுத்தடித்ததை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிராங்கோவின் உடலுக்கு மலையைக் குடைந்து கட்டிய கோயிலில் 2019 வரை இடம் இருந்தது. அவரால் செத்தவர்களைத் தேடுவது அரசின் கடமை என்று சட்டம் சொல்ல 2022 ஆனது. அதற்குள் எத்தனை பெண்டாட்டிகள், எத்தனை பிள்ளைகள் தேடித் தேடியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

உன் மகன் அடுத்த வருஷம் ஆபீஸ் வேலையாகப் பாரிஸ் வருவதாக எழுதியிருந்தாய். அங்கிருந்து இங்கே விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். அவசியம் வரச் சொல். சான் ரஃபேலில் குழி இருந்த இடத்தில் பிரமிடு மாதிரி நினைவிடம் கட்டி, சுவரில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். மேல்வீட்டு அம்மாளோடும் உட்கார்ந்து பேசட்டும், தமிழில் எடுத்துச் சொல்ல நான் இருக்கிறேன். வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிடு, எண்ணெய் கசியாமல் நன்றாகக் கட்டி.

உன் அன்புள்ள,
ராஜி