சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டார். பேப்பரை எடுத்தால் கீழே வைப்பதில்லை.

"எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தானே மிஸ், அப்புறம் எது என்ன வேலை செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று உன் பிளஸ் டூ மாணவி கேட்டாளாமே. பத்து வருஷமாக நான் மல்லுக்கட்டுவது அந்தக் கேள்வியோடுதான்டி.

எந்தத் திசுவில் வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஒரே வேலையில் கூட்டாக இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் திசுவுக்குத் திசு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்; அதைத்தான் பார்க்க வேண்டும். 2004-ல் டொராண்டோவில் ஒரு குழு எலியின் 55 திசுக்களில் மரபணுக்களின் வெளிப்பாட்டை, அதாவது ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, அளந்தது. அதில் பி.டபிள்யூ.பி.1 என்று ஒரு மரபணு. ஏறக்குறைய எல்லாத் திசுவிலும் வேலை செய்கிறது, அதனால் இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் எங்கே கொஞ்சம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்தால், ஆர்.என்.ஏ-வை (மரபணுவிலிருந்து எடுக்கும் நகலை) பக்குவப்படுத்தும் மரபணுக்களோடு ஒத்துப்போனது. ஈஸ்டில் அதற்கு இணையான மரபணுவைச் சோதித்தார்கள். புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ உருவாக அது இல்லாமல் முடியாது என்று தெரிந்தது!

கனடாவின் கியூபெக்கில், சாகனே பகுதியில், செல்லின் ஆற்றல் உற்பத்தி பழுதாகும் லீ நோய்க்குறி என்ற பரம்பரை நோயின் ஒரு வகை, பெற்றோர்களைக் குழந்தைகளைப் பறிகொடுக்க வைத்தது. 2003-ல் வம்சி மூத்தா என்ற ஆய்வாளரும் மற்றவர்களும், 2-ஆம் குரோமோசோமில் சந்தேகத்துக்குரிய பகுதியில் இருந்த மரபணுக்களில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களோடு சேர்ந்து ஏறி இறங்குவது எது என்று தேடித்தான் அந்த நோய்க்குக் காரணமான குற்றவாளி மரபணுவைப் பிடித்தார்கள். அந்தப் பெற்றோர்களை நினைத்தால் இந்த எண்களை வெறும் எண்களாகப் பார்க்க எனக்கு வரவில்லை.

போன மாதம் எனக்கும் ஒன்று சிக்கியது. பெயர்கூட வைக்காத மரபணு. கூடுதலாக வேலை செய்யும் இடத்தைத் திரை சிவப்பாகக் காட்டும்; இதயம், தசை, பழுப்புக் கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் சிவப்பு; மண்ணீரல் வெளிறிக் கிடந்தது. அதைப் போலவே ஏறி இறங்கிய பக்கத்து வரிகள் அத்தனையும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள். அப்புறம்தான் கவனித்தேன், சிவப்பாகத் தெரிந்த திசு மாதிரிகள் பாதிக்கு மேல் ஒரே நாளில் கருவியில் ஓட்டி அளந்தவை. ஒரே நாளில் ஓட்டியவை ஒன்றுபோலத் தெரிவது வழக்கமான ஏமாற்று. ராத்திரி தூக்கமே இல்லை. வேறொரு ஆய்வகத்தின் தரவில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே கூட்டத்தில்தான் நின்றது.

அந்தப் பெண்ணுக்கு ஐந்து மரபணு, ஆறு திசு என்று ஒரு சின்ன அட்டவணை அனுப்புகிறேன். கிராஃப் தாளில் கோடு போட்டு, எவை ஒரு கூட்டம் என்று அவளே சொல்லட்டும். என்ன சொன்னாள் என்று உடனே எழுது.

அன்புடன்,
கலா