நீலியை லிஃப்டில் ஏற்றியவர் அந்த எழுபது பேரை எங்கே விட்டார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பேய்க்கதையில், பழையனூர் நீலியைச் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்து வந்திருந்தார் கதாசிரியர். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், 'காரணமில்லாமல் ஆண்களைக் காவு வாங்கும் நீலி' என்ற வரியைப் படித்த பிறகு இதழை மூடி வைத்துவிட்டேன்.

காரணமில்லாமலா? முற்பிறவியில் தான் நம்பிய கணவன் கையாலேயே கொல்லப்பட்டவள் அவள்; மறுபிறவியில் செட்டியாராகப் பிறந்த அவனைப் பழிவாங்கவே வந்தாள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வஞ்சித்து ஒருத்தி உயிர்கொண்ட செய்தி கேட்டு அஞ்சும் பழையனூர் என்று 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடியிருக்கிறார். தென்மாவட்டங்களில் இன்றும் வில்லுப்பாட்டில் அவள் கதை ஒலிக்கிறது. கள்ளிக்கொம்பை ஒடித்து அவள் இடுப்பில் வைக்க, அது குழந்தையாகிச் செட்டியாரிடம் தாவும் கட்டம் வந்ததும், குடம் அடிப்பவர் கையை நிறுத்திவிடுவார். பந்தலில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. சிறுவயதில் அம்மாவின் மடியில் படுத்துக் கேட்டவன் நான்.

அந்தக் கதைக்கு உயிரே பழையனூர் வேளாளர் எழுபது பேர்தாம். நீலியின் கண்ணீரை நம்பி, செட்டியாரின் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, 'உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு' என்று வாக்களித்து, அவனை அவளோடு ஒரே அறையில் தங்க வைத்தார்கள். விடிந்ததும் அவன் பிணமாகக் கிடக்கக் கண்டு, சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். தங்கள் கதையில் அவர்களின் இடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமரா மட்டுமே இருக்கிறது.

நகரத்தில் நீலி கதை எப்படி நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் நள்ளிரவில் கைக்குழந்தையோடு கீழே இறங்கி வந்து, காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலில் செருப்புகூட இல்லை. சங்கத்தார் கூடினோம். 'இனி ஒன்றும் நடக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கணவன் சொன்னதை நம்பி, 'குடும்ப விஷயம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்' என்று அவரை லிஃப்டில் ஏற்றி அனுப்பினோம். மறுநாள் அவர் மருத்துவமனையில் கிடந்தார். அனுப்பி வைத்தவர்களில் ஒருவர்கூட, நான் உட்பட, அதற்குப் பொறுப்பேற்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் தீபாவளி மலரில், நீலியையே தெய்வமாக வணங்கும் வடிவமான, குழந்தையை ஏந்திய இசக்கியம்மன் படத்தின் கீழ் 'மோகினிப் பேய்' என்று அச்சாகியிருந்தது. அன்றே எழுதினேன், கடிதமும் வெளியாகவில்லை, திருத்தமும் வரவில்லை. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களிலும் தங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள் ஐயா.

இக்கதை விரைவில் நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'காரணமில்லாமல்' என்ற அந்த ஒரு சொல்லையாவது நீக்கிவிடும்படி கதாசிரியரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்