பெரியப்பாவின் பெட்டி பற்றி மகனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். வாட்ஸப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸப்பில் நான் என்ன கேட்டாலும் 'ஓம் அப்பா', 'பாப்பம் அப்பா' என்று முடித்துவிடுகிறாய். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

'பெரியப்பாட பெட்டிய வித்துப்போடுங்க அப்பா, எனக்கு இனித் தேவைப்படாது' என்று அனுப்பியிருந்தாய். அவர் கிற்றார் வாசித்த அந்த வொக்ஸ் வால்வு அம்ப்ளிஃபயரைத்தான் சொல்கிறாய். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. எதற்காக விற்கச் சொல்கிறாய் என்று தெரிந்தால்தான் அந்தப் பெட்டியில் என்ன வேலை செய்வது என்று எனக்குத் தெரியும். சும்மா சொல்லவில்லை, வேலை தெரிந்தவனாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

காத்தான்குடியில் போன் திருத்துகிற தம்பியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துப் பின்பலகையைக் கழற்றினோம். கரண்ட் கொடுக்கவில்லை. நீல ஸ்பீக்கர் இரண்டும் நல்லாக இருக்கின்றன. கூம்பு கிழியவில்லை, மீற்றர் வைத்துப் பார்த்தேன், உள்ளே கம்பி அறவில்லை. ட்ரான்ஸ்ஃபோமர்களிலும் குறை தெரியவில்லை. மற்றதையெல்லாம் கல்லடிக் கடற்காற்று தின்றிருக்கிறது. சசியில், அதுதான் உள்ளே இருக்கிற உலோகத் தட்டில், வெள்ளைப் பூப்பு, வால்வுக் கால்களில் பச்சைக் களிம்பு, பெரிய கண்டென்சரின் அடியில் கசிந்து காய்ந்த தடம். ஈ.எல். 84 வால்வு நான்கில் இரண்டு பழைய மலர்ட் கொம்பனிச் சாமான். கண்ணாடியில் எழுத்து இன்னும் இருக்கிறது. அந்த எழுத்து விரல் பட்டாலே அழியும். தம்பி நல்லெண்ணத்தில் துணியை எடுத்துத் துடைக்கப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த எழுத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

கொழும்பில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு நாலரை லட்சம் என்றார். அவர் கேட்ட முதல் கேள்வியே 'உள்ளுக்கு யாரும் ஈயம் வைச்சிருக்கிறாங்களா' என்பதுதான். அவர் வாசிக்கிறவர் இல்லை, சேர்த்து வைக்கிறவர். அப்படிப்பட்டவருக்குத் தொழிற்சாலையில் பற்றவைத்த ஈயம் கலையாமல் இருக்க வேண்டும். செத்துப்போன கண்டென்சர் என்றாலும் அறுபதுகளில் போட்ட கண்டென்சராக இருக்க வேண்டும். அவருக்கென்றால் மெயின் வயரைத் தவிர எனக்கு வேலையே இல்லை. தூசு தட்டி, பலகையைப் பூட்டி, ஏற்றிவிட வேண்டியதுதான். வாசிக்கிற ஒருவர் வாங்கினாலோ, நீ வந்து வாசிப்பதென்றாலோ, அது முழுக்க வேறு வேலை. அந்த வேலையைத் தொடங்கினால் சேர்த்து வைக்கிறவருக்கு அது பாதி விலை கூடப் பெறாது. செய்யாமல் விட்டால் அது இனி ஒருநாளும் பாடாது. இப்போது விளங்குகிறதா நான் ஏன் காரணம் கேட்கிறேன் என்று?

திருத்துவதென்றால் என்னென்ன என்றும் எழுதுகிறேன், நீ சின்னதில் என் ரேடியோக் கடையில் நின்று பார்த்தவன்தானே. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அவை காய்ந்தால் 100 ஹேர்ட்ஸில் உறுமல் வரும். உறுமலோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே ஷோர்ட் ஆகினால் ஜீ.இசட். 34 வால்வையும் மெயின் ட்ரான்ஸ்ஃபோமரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அதில் ஒன்று கசிந்தாலும் ஈ.எல். 84இன் தகடு சிவக்கத் தொடங்கும். சிவக்கிறதைக் கண்டு உடனே நிற்பாட்டாவிட்டால் வால்வு போகும், அதன் பின்னால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமரும் போகலாம். பயஸ், அதாவது வால்வில் ஓடுகிற கரண்டின் அளவு, திருகிச் சரிபார்க்கிற வேலை இதில் கிடையாது. நாலு வால்வுக்கும் சேர்த்து ஒரே றெசிஸ்டர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்த வால்வுகள் எப்போதும் கொதிக்கக் கொதிக்க வேலை செய்கிறவை, அதனால் நாலும் ஒத்துப்போகிற செட்டாக வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் மெயின் வயர். பெரியப்பா கடைசியாகப் போட்டது சிவப்பும் கறுப்பும் மட்டும், ஏர்த் இல்லை. அந்தக் காலத்தில் கலியாண வீடுகளில் அப்படித்தான் ஓட்டினார்கள், ஆண்டவர் காப்பாற்றினார். கையில் கிற்றார்க் கம்பி, வாயடியில் மைக். ஏர்த் இல்லாத பெட்டி ஒன்று பழுதானால் அந்த இடத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூன்று கம்பி வயர் போட்டு ஏர்த்தைச் சசியில் இறுக்காமல் அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், விலைக்கும் கொடுக்க மாட்டேன். பிளக்கைச் செருகக்கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் யாருக்காவது படம் அனுப்பி விலை பேசினால், போட்டுப் பார்க்கச் சொல்லாதே. ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லித்தான் பழைய வால்வு ரேடியோக்கள் எல்லாம் செத்தன. சீரிஸ் பல்ப் வைத்து, அதாவது இழை பல்ப் ஒன்றுக்கு ஊடாகக் கரண்டை விட்டு, மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா போனமுறை வந்த உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மெலிந்துவிட்டாய் என்கிறா. வெளிச்சம் அப்படி என்றேன். இரவு வேலை என்றாலும் ஒருவேளையாவது சோறு சமைத்துச் சாப்பிடு.

டவுனில் ஒருவர், உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ட்ரான்சிஸ்டர் போர்ட் ஒன்றைப் போட்டுத் தருகிறேன், பெட்டி பார்க்க வடிவாக இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு கதைக்காமலே வந்துவிட்டேன். அதன் உயிரே உள்ளே இருப்பதுதானே. மெதுவாகத் தொட்டால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், பலமாகத் தட்டினால் ஓசை நெருங்கித் தடித்துப் பாடும். விரலுக்குப் பதில் சொல்கிற பெட்டி. 30 வாட் என்று எழுதியிருக்கிறது, ஆனால் பறங்கிக் கலியாணங்களில் பெரியப்பா வாசித்தால் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். வயலினும் றபான் மேளமும் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் வயதுபோனவர்களும் எழும்பிவிடுவார்கள்.

வொக்ஸ் ஏ.சி. 30 என்றால் 1959இல் வந்த சாமான். இங்கிலாந்தில், கென்ட்டில் டாட்ஃபோட் என்ற ஊரில் ஜெனிங்ஸ் கொம்பனி செய்தது. டிக் டென்னி என்பவர் வரைந்த சேர்க்கிட். ஷாடோஸ் என்ற இங்கிலிஷ் கிற்றார் பாண்ட்காரர்கள் வாசித்ததால்தான் பெரியப்பாவுக்கு அதில் அவ்வளவு பைத்தியம். கொழும்பில் ஹோட்டல் பாண்ட் ஒன்று கலைந்தபோது வாங்கி, இரவு மெயிலில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தார். 1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை போனபோது அவர் முதல் போர்த்தியது இதைத்தான், மாமி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறா. நீ இப்போது இருக்கிற இடத்திலிருந்து டாட்ஃபோட் கிட்டத்தான் என்று தங்கச்சி வரைபடத்தில் காட்டினாள். பெரியப்பா கண்ணால் காணாத ஊர். அவருடைய பெட்டியில் வாசித்த பிள்ளை அந்த ஊர்ப்பக்கம் போய் இருக்கிறான் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

2002இல் சண்டை நின்று பாதை திறந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நீ மிக்கேல் கல்லூரிச் சேர்ட்டைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்து இதற்கு முன்னால் இருப்பாய். வால்வு சூடேறும்வரை பொறுக்காமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பாய். நீ வாசிக்கத் தொடங்கினால் ரேடியோ எடுக்க வந்தவர்கள் ரேடியோவை எடுத்த பிறகும் போகமாட்டார்கள். 2004 மார்கழியில் சுனாமி வந்தபோது பெட்டி புளியந்தீவுக் கடையில் இருந்தபடியால் தப்பியது. வீட்டில் இருந்திருந்தால் அதுவும் இல்லை. டச்பாரில் எத்தனை வயலின், எத்தனை கிற்றார் கடலோடு போயிற்று, வாசித்தவர்களும் போனார்கள். அதற்குப் பிறகு கோயிலில் நடந்த அந்தப் பூசையில் நீ வாசித்ததை நான் உன்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. நன்றாக வாசித்தாய் மகன். அன்றைக்கு அந்த வாசிப்புத்தான் எங்களையெல்லாம் நிமிர்த்தி வைத்தது.

இவ்வளவு வாசித்தவன் இரண்டு வரியில் தேவையில்லை என்று எழுதுகிறான் என்றால் தகப்பன் என்ன நினைப்பது? சரி, கேட்டுவிடுகிறேன். போன மாதம் வீடியோவில் கதைத்தபோது உன் பின்னால் சுவரைப் பார்த்தேன். கிற்றார் கொழுவியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. மருமகளையும் காணவில்லை. வேலைக்குப் போயிருக்கிறா என்றாய், அது ஞாயிற்றுக்கிழமை. அவ ஞாயிறு வேலைக்குப் போகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இருக்கும், நான் மேலே கேட்கவில்லை. அம்மா ஆணியைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காசுக் கஷ்டம் என்றால் பெட்டியை விற்க வேண்டாம். வங்கியில் காசு நிலையான வைப்பாகக் கிடக்கிறது, அது உனக்கும் தங்கச்சிக்கும்தான். தங்கச்சியும் சரி என்றுதான் சொல்லுவாள். நாலரை லட்சம் லண்டன் காசுக்கு எவ்வளவு வரும் என்று நீயே கணக்குப் பார். வேலை போயிருந்தால் அதையும் சொல்லு. இங்கே யாருக்கு வேலை போகவில்லை? அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காசு இல்லை, வேறு விஷயம், அந்தச் சத்தத்தைக் கேட்கவே இப்போது மனம் வரவில்லை என்றால், அப்போதும் விற்க வேண்டாம். அது மாறுகிற மனம். கொழும்புக்காரரிடம் போன பெட்டி திரும்பி வராது. உண்மையாகவே உனக்கு வேண்டாம், நல்ல மனதோடுதான் சொல்கிறாய் என்றால் அடுத்த கிழமையே ஏற்றிவிடுவேன், ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

எனக்கு இப்போது வலது கை கொஞ்சம் நடுங்குகிறது. டொக்டரிடம் காட்டினேன், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். ஆனபடியால் ஈயம் வைக்கிறது தம்பிதான், நான் பக்கத்தில் இருந்து சொல்லுவேன். போன் போர்ட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் ஈயம் வைக்கிறவன், கை அசையாது. வால்வு அவனுக்குப் புதிது, அதனால் கேட்டுக் கேட்டுச் செய்கிறான். கண்டென்சரில் நிற்கிற கரண்டை இறக்காமல் விரலை வைக்கப் பார்த்தான், அதற்கு மட்டும் ஏசினேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே நிற்கலாம் என்று ரேடியோ படித்த காலத்தில் எனக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னேன்.

தங்கச்சிக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, ஏறாவூர்ப் பக்கம். ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு எல்லோரும் போக இருக்கிறோம். உனக்கும் மருமகளுக்கும் சேர்த்துத்தான் மெழுகுதிரி கொளுத்துவேன். கொழும்புக்காரருக்குத் திருவிழா முடிந்த பிறகு பதில் தருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன், அவர் கொஞ்சம் அவசரப்படுகிறார். அவசரப்படட்டும்.

திருத்துவதென்று நீ சொன்னால் மாமியின் மகன் வரும்போது அவனிடம் கொடுத்துவிடு. ஈ.எல். 84 ஒத்த செட்டாக நாலு, ஜீ.இசட். 34 ஒன்று, ஈ.சி.சி. 83 இரண்டு. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இப்போதும் செய்கிறார்கள், அங்கே கடையில் கிடைக்கும். பழைய மலர்ட் தேடிக் காசைக் கொட்டாதே. கண்டென்சர் அளவுகளைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், 450 வோல்ட்டுக்குக் குறைந்தது வாங்காதே. 100 வாட் இழை பல்ப் கண்டால் அதிலும் ஒன்று, இங்கே எல்லாம் எல்.ஈ.டி. ஆகிவிட்டது, சீரிஸ் பல்புக்கு அது உதவாது. கழற்றுகிற பழைய சாமான் ஒன்றையும் நான் எறியமாட்டேன், உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பேன். விற்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றும் வாங்காதே.

எதுவென்றாலும் கோல் எடுத்துச் சொல்லு, எழுதி அனுப்பாதே. உனக்கு இரவு பத்தரை என்றால் இங்கே விடிய மூன்று மணி, பரவாயில்லை எடு. சாப்பிட்டுவிட்டு எடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: கூனி இறால் வறுத்து அனுப்பட்டா என்று அம்மா கேட்கிறா. மருமகளுக்கு அது பிடிக்கும் என்றபடியால் கூடத்தான் வறுப்பா, எவ்வளவு என்று சொல்லு.