சுடுதண்ணீர் விஷயமாக

கோயம்புத்தூர்
மார்கழி 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி, பேத்தி பள்ளிக்கூடம் போக அழுவது, தென்னையில் வெள்ளை ஈ என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில், "மாடி பாத்ரூமில் பச்சைத் தண்ணீர் நல்லாத்தான் வருது, சுடுதண்ணீர் மட்டும் நூல் மாதிரி வருது" என்று போட்டிருந்தாய். முட்டிக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் என்னைவிடத் தகுதியான ஆள் இப்போதைக்கு இந்த ஊரில் கிடையாது. இரண்டு மாதம் அதனோடு கட்டிப் புரண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அது தெரிய வந்ததே தீபாவளியன்றுதான். விடியற்காலை நாலரை மணி. தலை நிறைய எண்ணெய், கண்ணில் சீயக்காய், கையில் சொம்பு. வாளியைப் பார்த்தால் கால்வாசிகூட நிரம்பவில்லை. வெளியே மகன், மருமகள், பேரன் என்று வரிசை. உன் தங்கச்சி கதவைத் தட்டி, "உள்ளே தூங்கிட்டீங்களா?" என்கிறாள். அதற்கு முன்பே மெதுவாகக் குறைந்துகொண்டுதான் வந்திருக்கும். தினமும் பார்க்கிற முகத்தில் நரை தெரியாத மாதிரி நாங்கள் கவனிக்கவில்லை.

முதலில் வந்த பிளம்பர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கீசர் போச்சு சார், புதுசு மாட்டிடலாம்" என்றார். அடுத்து வந்தவர் பிரஷர் பம்ப் வைக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. 15 லிட்டர் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்து, செல்போனில் நேரம் பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்கு ஒரு நிமிடம் 40 நொடி. சுடுதண்ணீருக்கு ஆறரை நிமிடம். நீயும் முதலில் இதைச் செய்துவிடு. 'கொஞ்சமா வருது' என்பதை வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது.

அப்புறம், அதே கீசரிலிருந்து போகும் வேறு ஒரு குழாயைத் திறந்து பார். அதில் நன்றாக வந்தால் கோளாறு குழாயிலேதான். நுனியில் இருக்கும் சல்லடையில் மணலும் உப்புத் துகளும் அடைத்திருக்கும். அல்லது சுடுதண்ணீர் பக்கத்து ரப்பர் வாஷர் சூட்டில் உப்பி வழியை மறைத்திருக்கும். சல்லடையைக் கழற்றி, மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டால் காலையில் பளிச்சென்று இருக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் மட்டும் போட்டுவிடாதே, மேல் பூச்சு உரிந்துவிடும். எங்கள் வீட்டில் வாஷ்பேசின் குழாயிலும் அதே நூல்தான். அதனால் குழாயைக் குற்றம் சொல்ல வழியில்லை.

இங்கேதான் உங்கம்மாவின் ஞாபகம் வந்தது. பிளஸ் டூ பரீட்சைக்கு உங்கள் வீட்டில் தங்கிப் படித்தோமே, பின்கட்டில் அந்தச் செம்புப் பாய்லர்! நடுவில் குழாய் மாதிரி அடுப்பு, அதில் தேங்காய் மட்டையும் பாளையும் எரியும். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது, ஆனால் மூக்கு வழியாக ஒரு சொட்டு வரவில்லை என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கம்மா சிரித்துக்கொண்டே வந்து, மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினார். மூக்கில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் கொட்டியது. "ஊத்துனாத்தானப்பா வரும்" என்றார்.

கீசரும் அதே பாய்லர்தான், மாப்ள. பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது. உள்ளே நிற்கும் நீண்ட குழாயின் வாய் உச்சியில் இருக்கிறது. சூடான தண்ணீர் மேலே நிற்பதால், கீழிருந்து தள்ளத் தள்ள அது அந்த வாய்க்குள் போய் வெளியே வருகிறது. கீசருக்குள் மோட்டார் எதுவும் இல்லை. உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் வெளியே வரும். நான் இரண்டு வாரம் வெளியே வரும் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உள்ளே போகும் பக்கத்தைக் கழற்றினேன். சுவிட்சை மட்டுமல்ல, மின்பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சையும் அணைத்துவிட்டு, சுவரிலிருந்து கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, அதிலிருந்து கீசருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளியில் பிடித்துக்கொண்டு வால்வைத் திறந்தால் தண்ணீர் ஜோராக வந்தது. ஆக, அதுவரை வழி சுத்தம். அதற்கடுத்து கீசரின் வாயில் ஒரு சின்னப் பித்தளை வால்வு இருக்கும். தண்ணீரைத் திரும்ப விடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் கொஞ்சம் கசியவிடும். அதைக் கழற்றப் போனேன். முந்தின நாளே கரண்டை அணைத்து ஆறவிட்டிருக்க வேண்டும். அவசரக்குடுக்கை, காலையில் சுட்ட தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. கொப்புளம் வரவில்லை, உன் தங்கச்சியின் பேச்சுதான் வந்தது.

அந்த வால்வைக் கவிழ்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு மாதிரி! ஸ்பிரிங் பாதிதான் அசைகிறது. எல்லாம் போர் தண்ணீரின் வேலை. எங்கள் தெருவில் குடிக்கத்தான் சிறுவாணி. குளியலுக்கு உப்புத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு ஏற ஏறக் கரைந்து நிற்க முடியாமல் கல்லாகப் படிகிறது. காபிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் பார்ப்போமே, அதே வெள்ளைதான். சூடு அதிகமானால் படிவதும் அதிகம். எவ்வளவு சூடு என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை நான் உச்சத்திலேயே வைத்திருந்தேன், இப்போது 55 டிகிரிக்கு இறக்கிவிட்டேன்.

புது வால்வு போட்டதும் ஆறரை நிமிடம் மூன்றே கால் நிமிடமானது. மிச்சம்? வெளியே வரும் பக்கத்து ஹோஸ். மேலே ஸ்டீல் பின்னல் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ரப்பர் உப்பி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை. யாரோ பலசாலி நட்டை இறுக்கியதில் வாஷரும் நசுங்கி உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். அதையும் மாற்றியபின் இரண்டு நிமிடம் பத்து நொடி. பச்சைத் தண்ணீரை எட்டவில்லை, எட்டவும் எட்டாது; சுடுதண்ணீர் வரும் வழிக்கு வளைவும் சுற்றும் அதிகம். கீசரைத் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் திறந்து சுத்தம் செய்யச் சொன்னேன். உள்ளே இருந்து ஒரு சட்டி நிறைய வெள்ளைச் சில்லு வந்தது. கீசரின் டேங்க் துருப்பிடிக்காமல் காக்க, அதற்குப் பதிலாகத் தானே கரைந்துபோகிற ஒரு கம்பி உள்ளே இருக்கும். எங்களுடையது கரைந்து வெறும் ஈர்க்குச்சியாக நின்றது. அதையும் மாற்றியாயிற்று.

உன் வீட்டுக்கு இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய ஒரு 'பார்' அழுத்தம் கிடைக்கும் (அழுத்தத்தை அளக்கும் அலகு அது). உன் டேங்க் மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால், மாடி பாத்ரூம் குழாய்க்கு இரண்டரை மீட்டர்கூடத் தேறாது, அதாவது கால் பார். கீழ்வீட்டுக்கு ஒரு தளம் கூடுதல், அதனால்தான் அங்கே குறை தெரிவதில்லை. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சின்ன அடைப்பும் பெரிய அடைப்புதான். டேங்கை ஒரு மீட்டர் உயர ஸ்டாண்டில் ஏற்றினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். பம்ப்தான் என்று முடிவு செய்தால், கீசரின் மேல் எத்தனை பார் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்கு.

இன்னொன்று. அந்தப் பித்தளை வால்வையே எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக வரும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. மாடி டேங்க் காலியாகும் நாளில் கீசர் தண்ணீர் பின்னால் இறங்கிப்போய், உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் காயில் வறண்டு எரியும். அதில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் அடைக்கவும் கூடாது. சூடானால் தண்ணீர் விரியும், அந்த விரிவுக்கு ஒரு வழி வேண்டும்.

டேங்க் காலியாகி நிரம்பியபின் திடீரென்று இப்படி ஆனதா, இல்லை மெதுவாகக் குறைந்ததா என்று நீ எழுதவே இல்லை. திடீரென்று என்றால், குழாய் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினால், அது காற்று அடைப்பு. டேங்கை நிரப்பி, கீசரிலிருந்து போகும் சுடுதண்ணீர்க் குழாய்களில் தாழ்வாக இருப்பதை முழுசாகத் திறந்துவிட்டுக் காத்திரு. கீசரிலிருந்து பைப் கதவுக்கு மேலே ஏறி இறங்குகிறதா என்றும் பார். அந்த மேட்டில்தான் காற்று குடியிருக்கும்.

வெள்ளை ஈக்கு என்ன செய்கிறாய்? இங்கே மழை சுமார்தான். உன் தங்கச்சிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு மூலை முடுக்கில் இருக்கும் தூசி எல்லாம் தெரிகிறதாம், தினமும் எனக்கு வேலை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் பஸ் ஏறுகிறேன். ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரும் பழைய துணி நாலும் எடுத்து வை. முதல் நாள் ராத்திரியே கீசரை அணைத்துவிடு. அப்புறம், அந்தச் செம்புப் பாய்லர் இன்னும் பின்கட்டில் இருக்கிறதா? பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடவில்லையே?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி