கரீமின் ஸ்கை ஹூக்கும் உயரம் என்ற சாக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரைப் பற்றி நம் விளையாட்டுப் பக்கங்களில் எது வந்தாலும் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறும்: என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் எடுத்த 38,387 புள்ளிகள், ஏழடி இரண்டு அங்குல உயரம். முதல் எண்ணை 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டிவிட்டார். இரண்டாவது எண்தான் தொல்லை. 'அவ்வளவு உயரம் இருந்தால் யாரும் போடுவார்கள்' என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அவருடைய ஸ்கை ஹூக்கை, அதாவது பக்கவாட்டில் திரும்பி நின்று ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் போடும் ஷாட்டை, தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

1984 ஏப்ரல் 5, லாஸ் வேகஸ். அதுவரை சாதனையாக இருந்த வில்ட் சேம்பர்லினின் 31,419 புள்ளிகளைத் தாண்ட கரீமுக்கு ஒரே ஒரு கூடை பாக்கி. லேக்கர்ஸ் அணித் தோழர் மேஜிக் ஜான்சன் பந்தைக் கொடுக்கிறார். வலது பேஸ்லைன் (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) ஓரத்தில் கரீமைத் தடுக்க நின்றவர் யூட்டா ஜாஸ் அணியின் மார்க் ஈட்டன். ஏழடி நான்கு அங்குலம், அந்த சீசனில் லீக்கிலேயே அதிக ஷாட்களைத் தடுத்து பிளாக் செய்தவர். கரீமைவிட உயரமான அவருக்கே பந்து எட்டவில்லை. காரணம், பந்துக்கும் தடுப்பவருக்கும் நடுவே கரீமின் உடம்பு முழுவதும் குறுக்கே நின்றதுதான். அந்த அகலத்தைத் தாண்டிக் கை நீட்டினால் ஃபவுல். தாமதித்தால் பந்து கீழிறங்கத் தொடங்கிவிடும். அப்போது தொட்டால் கோல்டெண்டிங் என்ற விதிமீறல்.

வலக்கைக்காரருக்கு வரிசை இது. பந்தைத் தாடைக்கு அருகே இரு கையாலும் பிடிக்க வேண்டும். வலது கால் பிவட், அதாவது ஊன்றித் திரும்பும் கால். இடது காலை எடுத்து வைத்ததும் இடது தோள் ரிங்கைப் பார்க்க வேண்டும். கண் தோளுக்கு மேலாக ரிங்கைப் பிடித்த பிறகே பந்து மேலே போகலாம். இடது காலில் எம்பி, வலது முழங்காலை உயர்த்தி, வலது காதை ஒட்டினாற்போல் கையை நேராக மேலே கொண்டுபோய், உச்சியில் மணிக்கட்டை மடித்து விரல் நுனியால் விட வேண்டும். எம்பும்போது பிவட் கால் தரையை விட்டுக் கிளம்புவது டிராவல் (பந்தோடு நடக்கும் விதிமீறல்) ஆகாது. அது திரும்பத் தரை தொடுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவே.

கெடுவது பெரும்பாலும் கையில்தான். பழைய ஹூக் போலப் பக்கவாட்டில் வட்டமாக வீசினால் பந்து ரிங்கின் இடமோ வலமோ விலகும். நேராக ஏறும் கைக்குத் தூரம் ஒன்றைத்தான் கணக்கிட வேண்டும். காலைக் கூடையை விட்டு விலக்கி வைத்தால் பந்து ரிங்கை எட்டாது. பந்தை இடுப்புக்கு இறக்கினால் கூடையிலிருந்து தள்ளி ஆடும் குட்டையான கார்டுகூடத் தட்டிப் பறித்துவிடுவார். இடக்கை வளைந்து தடுப்பாக நிற்கலாம். நீட்டித் தள்ளினால் விசில்.

1967 முதல் 1976 வரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டங்க் (பந்தை வளையத்துக்குள் கையால் நேரே திணிப்பது) தடை செய்யப்பட்டிருந்தது. லூ அல்சிண்டர் என்ற பெயரில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த கரீமை மனத்தில் வைத்தே அந்த விதி வந்தது என்பார்கள். அப்படியானால் அது எதிரிகளுக்கே வினையாயிற்று. டங்க் போன இடத்தில் ஹூக் இன்னும் கூர்மையாயிற்று.

அதன் பலனை 1974 மே 10 அன்று பாஸ்டன் பார்த்தது. என்பிஏ இறுதித் தொடரில், கரீம் அப்போது ஆடிய மில்வாக்கிக்கும் பாஸ்டன் செல்டிக்ஸுக்கும் ஆறாவது ஆட்டம், இரண்டாவது ஓவர்டைம் (கூடுதல் நேரம்). ஹாவ்லிசெக்கின் கூடையால் செல்டிக்ஸ் 101-100 என முன்னிலை. மில்வாக்கி திட்டமிட்டது சக வீரர் மெக்லாக்லினுக்கான ஷாட், அவரை அடைத்துவிட்டார்கள். பந்து கரீமிடம். வலது பேஸ்லைனை நோக்கி டிரிபிள் செய்து, சுமார் 15 அடியிலிருந்து ஹூக். அந்தக் கோணத்தில் கூடைக்குப் பின்னுள்ள போர்டு உதவிக்கு வராது, தூரக் கணிப்பு சுத்தமாக இருந்தாக வேண்டும். மூன்று நொடி மீதமிருக்க 102-101. ஏழாவது ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையை இழந்தது வேறு கதை. எங்கள் கணக்கில் அவர் போட்டவற்றில் இதுவே முதலிடம்.

1985 இறுதித் தொடரையும் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் செல்டிக்ஸிடம் 148-114 என நொறுங்கியது. கரீம் 12 புள்ளி, 3 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது). 38 வயது, முடிந்துவிட்டார் என்றார்கள். அடுத்த ஆட்டத்திலேயே 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 8 அசிஸ்ட் (சக வீரர் கூடை போடக் கொடுத்த பாஸ்). தொடரின் சிறந்த வீரர் விருது, 1971-க்குப் பிறகு இரண்டாம் முறையாக, அவருக்கே. ஓட்டமும் தாவலும் குறைந்த வயதிலும் இந்த ஷாட் கைவிடவில்லை; அதற்குத் தேவை தாவும் உயரத்தைவிடக் கால் வைப்பும் நிதானமும்.

பள்ளி அணிகளுக்கு அந்தக்கால அமெரிக்க வீரர் ஜார்ஜ் மைக்கன் பெயரிலான பயிற்சி போதும். கரீமும் சிறுவயதில் அதில்தான் தொடங்கினார். ரிங்குக்கு அடியில் நின்று வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று என மாற்றி மாற்றி, பந்தைத் தோளுக்குக் கீழே இறக்காமல் போட வேண்டும். ஒவ்வொரு கையிலும் பத்து விழுந்த பிறகே ஓரடி பின்னால் நகரலாம்.

அடுத்த முறை கரீமின் படம் போடும்போது, பந்து விரல் நுனியில் நிற்கும் அந்த வழக்கமான படத்தோடு, இடது கால் தரையில் பதியும் கணத்தின் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்